கந்தோருக்கு வந்த வாழையடி மண்

அப்படியொரு மண் அதற்குமுன் என் மேசைக்கு வந்ததேயில்லை. கறுகறுவென்று, பொலபொலவென்று, ஒரு கல் கூடக் கிடையாது. சண்டைக் காலம் அது. மட்டக்களப்பில் ஒரு விவசாயக் கந்தோரில் மண் சோதிப்பது என் வேலை. மண்ணைக் கொண்டுவந்தவர் பெரியகல்லாற்றுப் பக்கம் உப்புநீர் வாவியோரத்தில் வயல் செய்த தம்பிப்பிள்ளை அண்ணன். போன போகத்தில் அவருடைய பயிர் உவர் பட்டுக் கருகியிருந்தது. இடம்பெயர்ந்து திரிந்தபோதும் அவர் மனைவி பூரணம் அக்கா கைவிடாமல் சுமந்த ஒரு மூட்டை விதை நெல்தான் மிச்சம். அதை விதைக்கலாமா என்று நான் சொல்ல வேண்டும்.

மண்ணைத் தண்ணீரில் கரைத்து உப்பு மீற்றரை விட்டேன். முள் கொஞ்சமும் ஏறவில்லை; உப்பே இல்லாத மண்.

"அண்ணன், இது உங்கட வயல் மண்தானா?"

"கந்தோருக்கு வாற மண் மிஸ். கண்டதையும் அள்ளிக்கொண்டு வரேலுமா? வளவுக்குள்ள வாழையடியில நல்லதாப் பாத்து எடுத்து, அரிச்சும் கொண்டந்தன்."

கலியாணத்துக்குச் சோடிப்பதுபோல மண்ணைச் சோடித்துக் கொண்டுவந்திருக்கிறார் மனிதர்! சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் அவரோடு நானே வட்டையில், அவருடைய வயல்வெளியில், இறங்கினேன். வளைந்து வளைந்து நடந்து, பல இடங்களில் வெட்டி, மேட்டு மண்ணை ஒரு பையிலும் வாவிப் பக்கத்துப் பள்ளத்து மண்ணை ஒரு பையிலும் எடுத்தோம். திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் பைகளை அவிழ்த்தான்.

"என்ன இது?"

"மண்."

அவன் காவலரணின் மணல் மூட்டைகளைக் காட்டினான். "மண் வேணுமா? இங்க நெறைய இருக்கு. எடுங்க!"

அதுவரை என் பின்னால் ஒதுங்கி நின்ற அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

மேட்டு மண் நல்ல மண். பள்ளத்து மண்ணில் முள் ஏறிக்கொண்டே போயிற்று. முடிவைச் சொல்ல அவர்கள் வீட்டுக்கே போனேன்.

"மேட்டில மட்டும் விதையுங்க அண்ணன். பள்ளத்தில வரம்பை உயத்தி மழத்தண்ணியக் கட்டி வடிச்சு விடுங்க, உப்புக் கரைஞ்சு போகும். வைக்கோல எரிக்காம உள்ளுக்க போட்டு உழுங்க."

"பாதி வயலச் சும்மா போட்டா ஊர் என்ன சொல்லும்?" அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

பூரணம் அக்கா விதை மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "ஊரா இதச் சுமந்த? நான்தான் சுமந்த. மேட்டுக்கு எவ்வளவு வேணுமோ அள்ளுங்க. மிச்சத்தில கை வெச்சா நடக்கிறது வேற!"

அண்ணன் மேட்டுக்கு வேண்டியதை மட்டும் அள்ளினார். அந்தப் போகம் மேட்டு வயல் சாயச் சாய விளைந்தது. பள்ளத்தின் உவர் குறைய இன்னும் இரண்டு மாரி பிடித்தது.

மண் பார்க்க வரும் இளையவர்களே, மேசைக்கு வரும் மண்ணை மட்டும் நம்பாதீர்கள், வயலில் இறங்குங்கள். தன் மண்ணில் குறை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. குறை தெரிந்துவிட்டால் மண்ணைத் திருத்திவிடலாம், அடுத்த மாரியும் வரும். அந்த ஒரு மூட்டையும் உவரில் போயிருந்தால், பூரணம் அக்கா விதைக்கு எங்கே போயிருப்பார்?