செம்பூர்க் கீரை

மும்பை செம்பூரில் மூடிக்கிடந்த பெயின்ட் ஃபேக்டரி நிலத்தை ஒரு பில்டர் வாங்கவிருந்தார். மண்ணில் விஷம் உண்டா என்று சோதிக்கப் போனவன் நான். அங்கே கீரை பயிரிட்டு விற்ற திருநெல்வேலி அக்கா, மண் எடுத்த இரண்டு நாளும் எனக்கு டீ கொடுத்தார்.

ரிப்போர்ட்டில் ஈயம் எக்கச்சக்கம். பில்டர் பின்வாங்கினார். முடிவை வெளியே சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம்.

கருவிகளை எடுத்துவரப் போனேன்.

"மண்ணு எப்படி இருக்கு தம்பி? இன்னும் நாலு பாத்தி போடலாம்னு பாக்கேன்."

"நல்லாத்தான் இருக்குக்கா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்து இரண்டு கட்டுக் கீரையை நீட்டினார். "பிள்ளைகளுக்குக் கடைஞ்சு குடுங்க."

வாங்கிக்கொண்டேன். ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

மிச்சக் கூடையோடு அவர் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போயிருப்பார். என் பிள்ளைகளை மட்டும் காப்பாற்றிய நல்ல தகப்பன் நான்.