பேர் பொறிக்காத கத்தி

என் கணவருக்கு மடக்குக் கத்தி சேர்க்கும் பைத்தியம். அவர் அலமாரியில், கம்பெனி பெயர் பொறித்துப் பளபளக்கும் கத்திகளுக்கு நடுவே, பெயரே இல்லாமல், அரம் ராவிய கோடுகளோடு ஒரு மொட்டைக் கத்தியும் கிடந்தது. தெருமுனையில் சைக்கிளை நிறுத்திச் சாணை பிடிப்பவரிடம், போன மாதம் அரிவாள்மனையோடு அதையும் பளபளவென்று ஆகட்டுமே எனக் கொடுத்துவிட்டு வந்து உலை வைத்தேன்.

செம்பட்டிக்குப் போயிருந்த கணவர் போன் செய்தார்.

"அந்தப் பேர் இல்லாத கத்திய எடுத்து வையி. பார்க்க ஒரு ஆளக் கூட்டிட்டு வாரேன். கடைக்கு வந்த கத்தி ஆயிரம் கிடைக்கும். இது அதுக்கு முன்னாடி மாதிரிக்குச் செஞ்சு பார்த்தது, ஒண்ணே ஒண்ணு. அந்தக் கோடு அழிஞ்சா மதிப்பே போச்சு. துடைச்சுக்கூட வச்சிராத!"

அடுப்பைக்கூட அணைக்காமல் வெறுங்காலோடு ஓடினேன். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. சாணைக்காரர் அரிவாள்மனையை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கத்தியை விரித்துச் சக்கரத்தருகே கொண்டுபோனார்.

"அண்ணே, வைக்காதீங்க!" என்று அலறினேன்.

அவர் மிதிப்பதை நிறுத்தினார். "ஏம்மா, இந்த மொட்டக் கத்திக்கா இம்புட்டு ஓட்டம்?" என்று மடக்கிக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் அந்த அலமாரியில் நான் தூசிகூடத் தட்டுவதில்லை. கணவர் முறைத்தால், "எந்தத் தூசிக்கு என்ன மதிப்போ, நான் என்னத்தக் கண்டேன்?" என்கிறேன்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்