ஷூவோடு ஏற வேண்டிய கட்டில்

முத்துப்பேட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து காய்கறிப் பையோடு வீட்டுக்கு நடக்கும்போதெல்லாம் நடு நெஞ்சில் ஒரு இறுக்கம் வரும். நின்றால் போய்விடும். குவைத்திலிருந்து கணவர் போனில் கேட்டால் வாயு என்று சொல்லி முடித்துவிடுவேன். கல்லூரியில் படிக்கும் மகள்தான் விடாமல் பட்டுக்கோட்டைக்கு அழைத்துப்போனாள். அங்கே டிரெட்மில்லில் நடக்கவைத்து எடுத்த ஈசிஜியில் சந்தேகம். பெண்களுக்கு அது சில சமயம் இல்லாத நோயைக்கூட இருப்பதாகக் காட்டும், தஞ்சாவூரில் எக்கோ ஸ்கேனோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள் என்றார்கள். 'இல்லாத நோய்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். நான் படுத்துவிட்டால் இந்தப் பெண்ணுக்கு இங்கே யார் என்ற நினைப்பு மன்னார்குடி தாண்டியும் விடவில்லை.

மகளின் சுடிதார் பேன்ட், அவளுடைய ஷூ, மேலே தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த, முன்பக்கம் நாடா வைத்த கவுன். டாக்டர் முதலில் என்னை இடப்பக்கமாகப் படுக்கவைத்து, ஓய்வில் இருக்கும் இதயத்தைப் படம் எடுத்தார். பிறகு சொன்னார்:

"துடிப்பு உச்சத்துக்குப் போனதும் நடக்குற மெஷினை நிறுத்துவோம். நீங்க உடனே வந்து இதே மாதிரி படுக்கணும். ஒரு நிமிஷத்துக்குள்ள மறுபடி படம் எடுக்கணும்மா. ரத்தம் பத்தாத எடம் இருந்தா, அந்தச் சுவர் மட்டும் சரியா சுருங்காது. துடிப்பு எறங்கிட்டா பழையபடி ஆயிடும், எங்களுக்குத் தெரியாது."

நடந்தேன். சாய்வு கூடக் கூட மூச்சு அடைத்தது. பழைய இறுக்கம் வந்தபோது, சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். மெஷின் நின்றது.

கட்டிலுக்கு வந்தேன். குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"ஐயோ, ஷூவோட ஏறுங்கம்மா!" என்று நர்ஸ் கத்தினார்.

வெள்ளை விரிப்பில் எப்படி ஷூவோடு ஏறுவது? ஒன்றைக் கழற்றிவிட்டேன். முன்னால் விலகியிருந்த கவுனைப் பார்த்ததும் கை தானாக நாற்காலியில் கிடந்த துப்பட்டாவை எடுத்துப் போர்த்திக்கொண்டது. அப்புறம்தான் படுத்தேன்.

டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ப முடியாது. துடிப்பு எறங்கிப்போச்சு. கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துட்டுத் திரும்ப நடக்கணும்."

"நல்லாருக்குன்னு சொன்னீங்களே டாக்டர், அது போதாதா?"

கதவருகே நின்ற மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "மார்க்கா கேக்குற? குவைத்துலேருந்து அத்தா போன் பண்ணா என்னம்மா சொல்லட்டும், துப்பட்டா நல்லாருக்குன்னா?"

நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை முட்டியது. எழுந்து போய்விடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. நல்ல படம் ஒன்று கையில் இருக்கிறது. ஆனால் நடக்கும்போது வந்த இறுக்கம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"டாக்டர், நடக்கிறப்ப வலிச்சுது" என்றேன்.

அவர் முகம் மாறியது. "அத அப்பவே சொல்லணும்மா. இந்த தடவை வலிச்சா உடனே சொல்லுங்க, நிறுத்திடலாம்." வெகுநேரம் படுக்கவைத்து, மறுபடி ஈசிஜி பார்த்த பிறகே மெஷினில் ஏற்றினார்.

இரண்டாவது முறை வலித்ததும் சொன்னேன். மெஷின் நிற்கவும் ஷூவோடு அப்படியே கட்டிலில் விழுந்தேன். தலையில் துப்பட்டா இல்லை, கவுன் எங்கே போயிற்றென்று பார்க்கவில்லை. விலாவில் கருவி அழுந்தியது. மூச்சை விடுங்க, நிறுத்துங்க, விடுங்க. டாக்டர் ஒரே இடத்தில் கருவியைத் திரும்பத் திரும்ப வைத்தார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஓய்வில் எடுத்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுக் காட்டினார். முன்பக்கச் சுவரில் ஒரு பகுதி, மற்றவை சுருங்கும்போது சும்மா நின்றது. முன்னால் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம், ஆஞ்சியோ செய்துதான் உறுதியாகச் சொல்ல முடியும், தள்ளிப்போடக் கூடாது என்றார்.

முதல் படத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால் என்ற கேள்வியை நானும் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்தோம். அவள் குவைத்துக்குப் போன் போட்டாள். வாயுதான் என்று நான் சொல்லிவைத்த பொய்யை அவர் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும்.

"வாயு இல்லத்தா, ஹார்ட்டு" என்றாள். "லீவு கெடைக்குமான்னு பாக்குறேன்னு சொல்லாதீங்க. டிக்கெட் போட்டுட்டுச் சொல்லுங்க."

அவள் தன் அத்தாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. தடுக்க வாயெடுத்தேன். தடுக்கவில்லை.