யார் பார்த்தது என்று கேட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை டிப்போவுக்குக் கிளம்பும்போது எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தது: "கரீம் பாய் மவுத்தாயிட்டாராம்." உடனே பதில் போட்டேன்: "யார் பார்த்தது?" அந்தக் கேள்வியே அவருடையதுதான். குழுவை நடத்தியவர் அவர். யார் எதைப் பகிர்ந்தாலும் அடியில் 'நானே பார்த்தது' அல்லது 'யாரோ சொன்னது' என்று போட்டாக வேண்டும், அது அவர் வைத்த சட்டம். ஐந்து நிமிடத்தில் அவர் வீட்டுக்கு ஓடினேன். வாசல் நிறையச் செருப்பு. உள்ளே போய் உடலைப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன்: "நானே பார்த்தது."

தோல் மண்டியில் வேலை பார்த்தவர். உப்புப் போட்ட ஆட்டுத்தோல் ஏன் அழுகுவதில்லை என்று ஒருநாள் எழுதினார்: "தோல்ல இருக்கிற தண்ணிய உப்பு இழுத்துருது. கிருமி தாகத்துலயே செத்துப்போகுது." பத்தாம் வகுப்பைத் தாண்ட மூன்று தடவை முயன்ற எனக்கே புரிந்தது. "புரியாமப் பேசுறதுக்கு எதுக்கு மாப்ள அறிவியல்? அதுக்குத்தான் நீ இருக்கியே" என்பார்.

என் மனைவிக்குச் சர்க்கரை. ஏதோ ஒரு இலைச்சாறு குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று வந்ததைக் குழுவில் போட்டேன். நிறையப் பேர் படிக்கட்டுமே என்று, 'நானே பார்த்தது' என்றும் கூசாமல் சேர்த்துவிட்டேன். சாயங்காலமே பாய், சர்க்கரை பார்க்கும் மெஷினோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மாத்திரைய நிறுத்தக் கூடாது. சாறு குடிச்சு ஒரு வாரம், குடிக்காம ஒரு வாரம். நீ எழுதி வை மாப்ள."

இரண்டு வாரமும் எண்ணில் பெரிய மாற்றமில்லை.

"இப்ப இதையும் குழுவுல போடு."

"மானம் போயிரும் பாய்."

"இருந்தாத்தானே போகும்?"

போட்டேன். என் பதிவுக்கு என் மனைவி இதயம் போட்டது அன்றைக்குத்தான்.

பாயை அடக்கம் செய்து மூன்று நாள்கூட ஆகவில்லை. வெறும் வயிற்றில் டீ குடித்ததால்தான் இறந்தார், எல்லோருக்கும் பகிருங்கள் என்று அவர் படத்தோடேயே ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் போனை எடுத்தேன், வைத்தேன். கடைசியில் அவர் மகள் ஷமீமாவிடமே போய்க் கேட்டேன்.

"ஹார்ட் நின்னுருச்சுன்னு டாக்டர் சொன்னாரு மாமா. ஏன்னு எங்களுக்கும் தெரியல."

"இத எழுதட்டுமாம்மா?"

"எழுதுங்க. இம்புட்டு நாள் சும்மா இருந்ததுக்கே அத்தா உங்களத் திட்டியிருப்பாரு."

எழுதினேன். "துக்க வீட்டுல என்னப்பா ஆராய்ச்சி?" என்றார் ஒருவர். இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். இதைப் படிக்கும் உங்களில் அவரை அறிந்த சிலருக்கும் என்மேல் வருத்தம் இருக்கலாம். டீ செய்தி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நேற்று என் மச்சினனே எனக்கு அனுப்பினான்.

அதைப் பார்த்துவிட்டு என் மகள் கேட்டாள்: "அப்ப பாய்க்கு ஏம்ப்பா ஹார்ட் நின்னுச்சு?" பிள்ளைகள் எதைக் கேட்டாலும் தெரிந்த மாதிரியே பதில் சொல்லி வளர்த்தவன் நான். "தெரியலம்மா" என்றேன். கூச்சமே வரவில்லை.

கரீம் பாயிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் 'தெரியல' ஒன்றுதான். அதை மட்டும் யாருக்கும் ஃபார்வர்ட் பண்ண முடியவில்லை.