மேட்டில் நின்ற காரும் பின்னால் நின்ற சரோஜாவும்

போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, செங்கல்பட்டு ரயில்வே மேம்பாலத்தில் நான் ஒரு காரைப் பின்னோக்கி ஓட்டினேன்.

ஓட்டினேன் என்று சொல்வது ஒரு பெருமைக்காக. கார் தானாகத்தான் போனது. நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்... அவ்வளவுதான் என் பங்கு.

அது என் கார்கூட இல்லை. என்னுடையது சர்வீஸுக்குப் போயிருந்தது. மதுராந்தகத்தில் வசந்தியின் — என் மனைவியின் — சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம். விடியற்காலை முகூர்த்தம். பஸ்ஸில் போய்விடலாமே என்றேன்.

"பட்டுப்புடவை கட்டிக்கினு பஸ்ஸுலயா?" என்றாள் வசந்தி.

கேட்ட தோரணையிலேயே பதிலும் இருந்தது. அவள் தம்பி சேகரிடம் அவனுடைய பழைய காரை வாங்கிக்கொண்டேன். சாவியைக் கொடுக்கும்போது சொன்னான்: "மாமா, ஹேண்ட்பிரேக் மட்டும் கொஞ்சம் லூசு. மத்தபடி வண்டி கும்முனு போவும்."

கும்மென்றுதான் போனது. எந்தப் பக்கமாக என்று அவன் சொல்லவில்லை.

இங்கே ஒரு சின்ன விளக்கம். என் கார் புதிது. அதில் ஒரு வசதி உண்டு. மேட்டில் நிறுத்தி, மறுபடி கிளம்பும்போது, நீங்கள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் அது எடுக்காது. வண்டி சரிவில் நிற்கிறது என்று ஒரு சென்சார் மோப்பம் பிடித்து, இரண்டு விநாடி பிரேக்கைத் தானே பிடித்து வைத்திருக்கும். அதற்குள் நீங்கள் காலை ஆக்ஸிலரேட்டருக்கு மாற்றி, கிளட்சை விட்டு, ராஜா மாதிரி மேலே ஏறிவிடலாம்.

வெறும் இரண்டு விநாடி! ஆனால், அது இல்லாத காரில்? கிளட்சைப் பாதி விட வேண்டும். எஞ்சின் லேசாக முனகும், வண்டி ஓர் அதிர்வு அதிரும். அந்த நொடியில் பிரேக்கை விட வேண்டும். பதறினால் ஹேண்ட்பிரேக் இருக்கிறது. இருபது வருடம் நானும் அப்படித்தான் ஓட்டினேன். புதுக் கார் வந்து இரண்டே வருடம்... என் கால்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தன.

திரும்பி வரும்போது பாலத்தில் ஏறினோம். பாதி மேட்டில் எல்லாம் நின்றது. முன்னால் ஏதோ பஸ் மக்கர். வலப்பக்கம் இன்னொரு பஸ், உரசுகிற மாதிரி. இடப்பக்கம் ஒரு ஆள் மட்டும் நடக்கக்கூடிய இடைவெளி, அப்புறம் பாலத்தின் சுவர். கண்ணாடியில் பார்த்தேன். என் காருக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர். ஓட்டி வந்தது ஓர் அம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய மீன் பெட்டி. கால் வைக்கிற இடத்தில் மீன் வெட்டும் கட்டை, வட்டமாக, அம்மிக்கல் கனத்தில். அவருக்குப் பின்னால், அவர் முதுகில் மூச்சு விடுகிற தூரத்தில், ஒரு தண்ணி லாரி.

நம் ஊரில் முன்னால் இருக்கும் வண்டிக்கும் நமக்கும் நடுவில் ஒரு முழம் இடம் விட்டால் என்ன ஆகும்? அந்த முழத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நிற்கும். அதனால் யாரும் விடுவதில்லை. மேட்டிலும் விடுவதில்லை. பள்ளத்திலும் விடுவதில்லை. பெட்ரோல் பங்கில்கூட விடுவதில்லை.

முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. நான் வழக்கம்போல, மிக ஸ்டைலாக, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

கார் பின்னால் போனது.

ஒரு விநாடிக்கு எனக்குப் புரியவே இல்லை. பக்கத்து பஸ் முன்னால் போகிறது என்றுதான் நினைத்தேன். வசந்தி அலறினாள். பின்னால் ஒரு குரல் அதைவிட அலறியது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் நின்றுவிட்டது.

மறுபடி ஸ்டார்ட் செய்து, மறுபடி முயன்றேன். மறுபடி ஓர் அடி பின்னால். இப்போது கண்ணாடியில் ஸ்கூட்டரின் முன் சக்கரமே தெரியவில்லை. அந்த அம்மாளின் முகம் மட்டும் தெரிந்தது. என் பம்பருக்கும் லாரியின் பம்பருக்கும் நடுவே ஒரு மனுஷி. இன்னொரு தரம் காலை எடுத்தால், உடைவது அவர் முழங்கால்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் அடித்தார். அதற்கும் பின்னால் இருந்தவர்கள், எதற்கென்றே தெரியாமல், ஒரு ஒற்றுமைக்காக அடித்தார்கள்.

"ஹேண்ட்பிரேக்க போடுங்க!" என்றாள் வசந்தி.

போட்டேன். கத்தரிக்காய்க் காம்பு மாதிரி கையோடு வந்தது.

"தாம்பூலப் பையில தேங்கா இருக்குல்ல... அதை டயருக்கு வெச்சா நிக்குமா?"

இதைக் கேட்டது வசந்தி இல்லை. நான். ஐம்பத்து மூன்று வயது, பட்டதாரி. எஞ்சினை அணைத்து முதல் கியரில் போட்டிருந்தாலே வண்டி கொஞ்சம் நின்றிருக்கும் என்று சேகர் சொன்னான். சாயங்காலம் சொன்னான்.

பிரேக்கை மிதித்திருந்த கால் நடுங்க ஆரம்பித்தது. தையல் மெஷின் ஊசி மாதிரி. இந்தக் கால் எவ்வளவு நேரம் தாங்கும்?

பின்கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். பிறகு இடப்பக்கச் சந்தில் நுழைந்து, வசந்தியின் ஜன்னலுக்கு அந்த அம்மாளே வந்துவிட்டார். லாரிக்கும் காருக்கும் நடுவில் ஸ்கூட்டரை ஒரே மிதியில் ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்திருந்தார்.

"அண்ணாத்த! இன்னா, பாலத்துமேல ஏறப் போறியா, எம்மேல ஏறப் போறியா?"

"அம்மா... மன்னிச்சுக்கங்க... இது என் வண்டி இல்ல..."

"ஏம்மா, இவருக்கு வேற வண்டி பழக்கம்மா. அதுல தானா நிக்கும்" என்றாள் வசந்தி, என் மானத்தைக் காப்பாற்ற.

"இது நிக்கலியே!"

இன்னும் நாலு வார்த்தை திட்டத்தான் வாயைத் திறந்தார். அப்போது என் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"ஐய... இன்னா இப்டி ஒதறுது? தோ பாரு, பிரேக்க மட்டும் வுட்டுடாத. நான் வந்துகினே கீறேன்."

போனார். வந்தார். இரண்டு கையாலும் மீன் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். இடப்பக்கப் பின் டயருக்கு அடியில் வைத்து, காலால் இரண்டு இடி இடித்தார். லாரிக்காரர் மறுபடி ஹாரன் அடித்தார்.

"யோவ், இன்னாத்துக்கு அட்ச்சிகினே கீற? எறங்கி வந்து தள்றியா? இல்லன்னா கம்முனு குந்து!"

லாரி கம்மென்று ஆனது. இந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார்: "எங்க வூட்டுக்காரரு கோவளத்துல படக மணல்ல ஏத்தசொல்ல இப்டித்தான் கட்டை குடுப்பாரு. அத்தாம்பெரிய படகே நிக்கிது. இது இன்னா, டப்பா காரு! பிரேக்க வுடு."

விடமுடியவில்லை. மூளை விடச் சொல்கிறது... கால் கேட்கவில்லை. கட்டை வழுக்கினால்? பின்னால் அவருடைய ஸ்கூட்டர். அவருடைய அன்றைய மீன். எல்லாவற்றுக்கும் மேல், டயருக்குப் பக்கத்திலேயே அவர்.

"நீங்க தள்ளிப் போயிடுங்கம்மா!"

"நான் தள்ளிப் போனா நீ வுடமாட்ட. வுடு. நான் கீறேன்."

கண்ணை மூடிக்கொண்டு — ஓட்டுநர்கள் செய்யக்கூடாத காரியம் — பிரேக்கை விட்டேன். கார் பின்னால் சரிந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். நின்றது.

நின்றுவிட்டது! ஒரு காலும் எதிலும் இல்லை. கார் நிற்கிறது. நிதானமாக முதல் கியர் போட்டேன். நிதானமாக ஆக்ஸிலரேட்டர். நிதானமாகக் கிளட்ச். எஞ்சின் முனகியது, வண்டி அதிர்ந்தது, முன்னால் நகர்ந்தது. பழையபடி எல்லாம் ஞாபகம் வந்தது.

"போய்க்கினே இரு! நிக்காத!" என்று பின்னால் குரல் கேட்டது.

பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்திக் காத்திருந்தோம். ஐந்து நிமிடத்தில் ஸ்கூட்டர் வந்தது. பெயர் சரோஜாவாம். கோவளத்தில் மீன் எடுத்து, தினமும் செங்கல்பட்டுத் தெருக்களில் விற்கிறார். கட்டையைப் பார்த்தேன். நடுவில் டயரின் பூப்போட்ட அச்சு. ஓரத்தில் விரல் நுழைகிற விரிசல்.

"புதுசு வாங்கித் தர்றேம்மா" என்றேன்.

"வாணாம். புதுசுல கத்தி நிக்காது, பழகணும். இந்த வெடிப்பு முன்னியே கீது."

விரிசலின் உள்பக்கம் புதுமரம், வெள்ளையாகத் தெரிந்தது. அதை நானும் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

வசந்திதான் கேட்டாள்: "ஏம்மா, பயமா இல்லியா? டயர் பக்கத்துல போயி நின்னீங்களே."

"இல்லாம? அவர வுடு வுடுன்னேனே, எனக்கும் உள்ள ஒதறல்தான்." மீன் பெட்டியின் கயிற்றை இழுத்துச் சரிபார்த்தார். "திட்டத்தான் வந்தேன். மூஞ்சியப் பாத்ததும் முடியல. இந்த வண்டி வாங்குன புதுசுல, இதே மேட்டுல நான் பின்னால வந்து ஒரு ஆட்டோ மேல சாஞ்சிட்டேன். பொட்டி கவுந்து மீனு மொத்தமும் ரோட்டுல. அத்தினி பேரும் ஆரன் அட்ச்சானுங்க. ஒருத்தன் எறங்கல. அன்னிக்கி எம்மூஞ்சியும் இப்டித்தான் இருந்திருக்கும்."

மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். ஒரே நாளில் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்ட சமயம் என் வாழ்க்கையில் குறைவு. வசந்தியைக் கேட்டுப் பாருங்கள்.

நல்லவேளை, சரோஜாவே பேச்சை மாற்றினார். "சும்மா நின்னுகினு இருந்தா எப்டி? சங்கரா கீது, எடுத்துக்கோ." பட்டுப்புடவைக்காரி குனிந்து மீன் பார்த்தாள். சரோஜா கட்டையில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, டயர் பட்ட பக்கம் அடியில் போகும்படி திருப்பிப் போட்டு, வெட்டிக் கொடுத்தார்.

மறுநாள் என் கார் வந்துவிட்டது. பாலத்தில் ஏறும்போது அந்த இரண்டு விநாடியை முதல்முறையாகக் கவனித்தேன். அதைச் செய்ய ஒரு சென்சார், ஒரு கம்ப்யூட்டர், எத்தனையோ இன்ஜினியர்கள். நாம் விழாமல் கிளம்புகிற வரை யாராவது கொஞ்சம் பிடித்துக்கொண்டால் போதும் என்கிற சாதாரண விஷயம்தானே? அதற்குப் பதிலாக நாம் செய்வது என்ன? ஹாரன்.

நானும் அடித்திருக்கிறேன். அந்தப் பாலத்திலேயே அடித்திருக்கிறேன். சரோஜா சாய்ந்த அன்று அந்தக் கும்பலில் நான் இல்லை என்று எனக்கு என்ன நிச்சயம்?

இப்போதெல்லாம் மேட்டில் முன்வண்டிக்குப் பின்னால் ஒரு கார் நீளம் இடம் விட்டுத்தான் நிற்கிறேன். உடனே ஒரு ஷேர் ஆட்டோ வந்து நிற்கிறது... சரி, அதற்குப் பின்னாலும் ஒரு கார் நீளம் விடுகிறேன்.


நீங்களும் விடுங்கள்; முன்னால் இருப்பது நானாகக்கூட இருக்கலாம்.