பன்னிரண்டாவது கட்டம்

கைபேசிக் கடையில் நான் போட்ட சத்தத்துக்கு, நடைபாதையில் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்த பெண்கூடக் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். எல்லாம் ஒரு டேப்லெட்டுக்காகத்தான். மகள் சின்னது போதும் என்றாள். நான் பெரியதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். கடைக்காரர் இரண்டையும் கண்ணாடிப் பெட்டியின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, யார் ஜெயிக்கிறார்கள் பார்ப்போம் என்று கையைக் கட்டிக்கொண்டார்.

"அக்கா, நான் யாவாரத்துக்காகச் சொல்லல," என்றார் கடைசியில். "அண்ணனுக்கு ஒரு கைதான் ஆகுதுன்னு சொல்றீங்க. சின்னதுன்னா மடியில வெச்சிக்கலாம். வாசல்ல உக்காந்தா வாசலுக்கு, ஆஸ்பத்திரி போனா ஆஸ்பத்திரிக்கு. பெருசு கனம். ஸ்டாண்டு போட்டு ஒரே எடத்துல நிக்க வெக்கணும்."

சரியாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டால் சரியும் தப்பும் கண்ணில் படாது. பிறவிக் குணம், என்ன செய்ய?

என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து அப்போது நாலு மாதம். வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. "ம்... ம்" என்று ஒரு சத்தம் மட்டும் வரும். பசிக்கும் அதேதான், கோபத்துக்கும் அதேதான். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மலாய்ப் பெண்தான் ஒரு வழி சொன்னாள். டேப்லெட்டில் படங்களைப் போட்டு வைக்க வேண்டும். அவர் ஒரு படத்தைத் தொட்டால் அது அவருக்காகப் பேசும். ஆனால் ஒவ்வொரு படமும் நல்ல பெரியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுங்குகிற விரல் பக்கத்துப் படத்தில் விழுந்துவிடும். பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதெல்லாம் அவரால் ஆகாது. அப்படிப் பார்த்தால் சின்னதில் நாலு படம் கொள்ளும், பெரியதில் பன்னிரண்டு.

"நாலு போதும்மா," என்றாள் மகள். "தண்ணி, சோறு, கக்கூசு, வலி. அப்பா வேற என்னா கேக்கப் போறாரு? பாவம் லா, அவ்ளோ பெருச வெச்சி அவரக் கொழப்பாத."

அதற்குத்தான் கத்தினேன். "உங்கப்பன் மண்டோரா இருந்தவருடி! ஒரு எஸ்டேட்டு சனத்துக்கே வேல சொன்ன வாய்க்கு நாலு வார்த்தையா?" கேட்டவர்களுக்கு அது நியாயமாகக்கூடப் பட்டிருக்கும். உண்மையான காரணம் அதுவல்ல. மகள் விரல் மடக்கிச் சொன்ன அந்த நாலில் நான் இல்லை. அதை எந்த வாயால் மகளிடம் சொல்வது? பெரியதையே வாங்கிக்கொண்டு வந்தோம்.

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எங்கள் ஆட்களில் அது வழக்கமில்லைதான். ஆனால் மண்டோருக்குப் பெயர் கூப்பிடுவதுதானே வேலை, அதனால் அவருக்கு அது தினசரிச் சங்கடம். கோலா கிளாவாங் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தோட்டம். விடிந்தும் விடியாமல், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்போம். அவர் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிடுவார், வந்தவர்கள் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். நான் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிற கூட்டத்தில் இருந்தேன். மற்றவர் பெயரையெல்லாம் அடுத்த டிவிஷனுக்குக் கேட்கும்படி கூப்பிடுகிறவர், என் பெயர் வந்ததும் இருமுவார். நான் "இருக்கேன்" என்பேன். "மண்டோருக்கு யாராச்சும் மருந்து குடுங்கப்பா" என்று பெண்டுகள் சிரிப்பார்கள். கல்யாணமான நாள் தொட்டு அவர் வேலையை விட்டு நிற்கும்வரை அந்த இருமல் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தால் நான் "ஏ புள்ள". துண்டுக்கு ஏ புள்ள, தேத்தண்ணிக்கு ஏ புள்ள, கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டே கண்ணாடி எங்கே என்று கேட்க ஒரு ஏ புள்ள.

ஸ்ட்ரோக் வந்த காலையிலும் கூப்பிட்டார். ரத்த அழுத்த மாத்திரையை விழுங்காமல் இழுப்பறைக்குள் பதுக்கி வைத்திருந்ததை முதல் நாள்தான் கண்டுபிடித்து, வாய்க்கு வந்ததைப் பேசியிருந்தேன். கோபம் ஆறவில்லை. வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கெம்போங் மீன் அலசிக்கொண்டிருக்கிறேன், குளிக்கப் போனவர் உள்ளேயிருந்து "ஏ புள்ள" என்கிறார். துண்டை மறந்திருப்பார், வழக்கம்போல. கூப்பிடட்டும், தொண்டை வற்றட்டும் என்று குனிந்த தலை நிமிராமல் இருந்தேன். இரண்டாவது தடவை குரல் கொஞ்சம் குழறியது. அப்போதும் எழுந்திருக்கவில்லை. வாளி உருளுகிற சத்தம் கேட்டுத்தான் போனேன்.

இதை நான் மகளிடம்கூடச் சொன்னதில்லை. அவர் வாயிலிருந்து கடைசியாக வந்த பேச்சு என்னைக் கூப்பிட்டதுதான். நான் பதில் சொல்லவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை அவர் கூப்பிட வேண்டும், நான் போட்டது போட்டபடி ஓடிப்போய் முன்னால் நிற்க வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் கடையில் அத்தனை சத்தம் போட்டேன்.

மகள் ரஹாங்கில் குடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து படங்களையெல்லாம் போட்டுக் கொடுத்தாள். வரிசைக்கு நாலாக மூன்று வரிசை. முதல் கட்டத்தில் தண்ணிக் குவளை, அதற்கு நேர் கீழே சோற்றுத் தட்டு, பிறகு மற்றதெல்லாம். கருவியோடு வந்த குரல் மலாயும் ஆங்கிலமும்தான் பேசியது. வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு யார் மலாயில் தண்ணி கேட்பார்கள்? நாமே குரல் பதியலாம் என்றாள் மகள்.

"ஆம்பள கொரலா இருந்தா நல்லாருக்கும்மா. சித்தப்பாவக் கூப்பிடட்டா?"

"நல்லாருக்கே! ஒங்க சித்தப்பன் என்னைய ஏ புள்ளன்னு கூப்பிட, நான் ஓடி வரணுமாக்கும்!"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பன்னிரண்டையும் என் குரலிலேயே பதிந்தோம். என்னை நானே "ஏ புள்ள" என்று கூப்பிட்டபோது இரண்டு தடவை சிரித்துக் கெடுத்து, மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

படம் எடுக்கப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றேன். "இதுல ஒன்னப் பாத்தா அப்பாவுக்கு யாருன்னே தெரியாது லா, போய் மாத்திட்டு வா," என்றாள். நைட்டியும் தோளில் துண்டுமாக வந்தேன். "மொதக் கட்டத்துல வைக்கட்டாமா ஒன்னைய?" என்று கேட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. "ச்சீ, சும்மா கெட. கடைசியில, ஓரமா வை," என்றேன். வலது பக்கம், கீழ் மூலை. பன்னிரண்டாவது கட்டம்.

பத்தே நாளில் பழகிவிட்டார். அவர் தொட, "தண்ணி வேணும்" என்று என் குரல் முன்னறையிலிருந்து கேட்டது. அப்புறம் சோறும் வந்தது. மகள் கைபேசியில் பார்த்துக் கைதட்டினாள். நான் பன்னிரண்டாவதற்காகக் காத்திருந்தேன்.

ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். பாத்திரம் தேய்க்கும்போது குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். தண்ணி வேணும். சோறு வேணும். தண்ணி வேணும். குவளையை ணங்கென்று வைத்து, "தண்ணி, தண்ணி! தண்ணிக்கா தாலி கட்டுனீங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். திருதிருவென்று முழித்தார். இன்னொரு நாள் அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் என் படத்தின்மேல் நானே அழுத்தினேன். "ஏ புள்ள" என்றது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டபோது வராதவளை இனி எதற்குக் கூப்பிட வேண்டும் என்று வைராக்கியமாக இருக்கிறார் என்றே முடிவு கட்டினேன். அவர் இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் இருப்பேன்.

சாப்பாட்டிலும் அதே அழும்பு. இடது கையில் கரண்டியைக் கொடுத்தால், தட்டில் கோடு போட்ட மாதிரி பாதியை விட்டுவிடுவார். அதற்கும் ஏச்சு வாங்கியிருக்கிறார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், மிச்சச் சோற்றை வழிக்கலாம் என்று தட்டை என் பக்கமாகத் திருப்பினேன். கீழே வைத்த கரண்டியை எடுத்து மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தார். துடைத்துச் சாப்பிட்டார். ஓர் அப்பளத்தை எடுத்துத் தட்டின் வலது ஓரத்தில் வைத்தேன். கண்டுகொள்ளவில்லை. இடது ஓரத்துக்கு நகர்த்தினேன். எடுத்துக் கடித்தார்.

அடப் பாவி மனுசா. கால் போனது தெரிந்தது, கை போனது தெரிந்தது, கண்ணில் பாதி போனதை உன்னால் எப்படிச் சொல்ல முடியும்? வலது பக்கம் என்று ஒன்று அவருக்கு இல்லவே இல்லை. இத்தனை மாதமும் மிஞ்சின சோறும் நானும் அங்கேதான் இருந்திருக்கிறோம்.

ஈரக் கையோடு டேப்லெட்டிடம் போனேன். மேசையை இடது பக்கம் நகர்த்தலாம் என்றால் அங்கே சுவர். சரி, தட்டைத் திருப்பினதுபோல இதையும் திருப்புவோம் என்று ஸ்டாண்டிலிருந்து கழற்றித் தலைகீழாக வைத்தேன். சனியன், படங்கள் எல்லாம் தாமாகவே சுழன்று நேராக நின்றுகொண்டன. என்னை மறுபடியும் வலது மூலையிலேயே கொண்டுபோய் வைத்தது. திருப்பித் திருப்பி வைத்தேன், அதுவும் திரும்பித் திரும்பி நின்றது. மேசையில் தலையை வைத்து அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு நான் எந்தப் பக்கம் அழுகிறேன் என்றுகூடத் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். இந்தத் தடவை எனக்கு வெட்கமில்லை.

"என்னைய மொதக் கட்டத்துல வை."

"அங்க தண்ணி இருக்கும்மா."

"தண்ணியப் பக்கத்துல தள்ளு."

திங்கட்கிழமை காலை அரிசி களைந்துகொண்டிருந்தேன். "ஏ புள்ள" என்றது முன்னறை. என் குரல்தான். இருந்தாலும் எனக்கு அது அவர் குரலாகத்தான் கேட்டது. பானையைப் போட்டுவிட்டு ஓடினேன். "இருக்கேங்க, இந்தா இருக்கேன்," என்று அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "அன்னைக்குக் கூப்பிட்டப்ப வரலியே நான். தெரியாமப் போச்சிங்க. துண்டுக்குன்னு நெனச்சிட்டேன்." மனதில் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். முகத்தை இல்லை, கையை. மறுபடி விரலைக் கொண்டுபோனார். ஏ புள்ள. "என்னங்க?" என்றேன். மறுபடி தொட்டார். ஏ புள்ள. அப்புறம் நாக்கை நீட்டி வறண்ட உதட்டை நனைத்துக்கொண்டார்.

எழுந்து போய்த் தண்ணி கொண்டு வந்தேன். மடக் மடக்கென்று குடித்தார். குடித்ததும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் விரல் படத்தைப் பழகவே இல்லை, இடத்தைத்தான் பழகியிருக்கிறது. அந்த மூலையில் குவளை இருந்தாலும் ஒன்றுதான், நான் இருந்தாலும் ஒன்றுதான்.

அடுத்த தவணைக்கு ஆஸ்பத்திரி போனபோது அந்த மலாய்ப் பெண்ணிடம் சொன்னேன். அவர் முகத்துக்கு முன்னால் பேனாவை மெல்ல நகர்த்திப் பார்த்தாள். ஆமாம் என்றாள். இனிமேல் பார்வையோ பேச்சோ இதற்குமேல் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள் மக்சிக் என்று, அவர்கள் பாஷையில் அத்தை முறை வைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நல்ல பெண், சொல்லும்போது அவள் கண்ணும் கலங்கியது. அந்தக் கடைக்காரர் பேச்சைக் கேட்டுச் சின்னதையே வாங்கியிருக்கலாம் என்று வண்டியில் வரும்போது நினைத்தேன். மடியில் இடது பக்கமாக வைத்துக்கொண்டு நாலு படத்தையும் பார்த்திருப்பார், வாசலில் காற்றாட உட்கார்ந்திருப்பார். நானும் எதற்காகவும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்க மாட்டேன்.

"பழையபடி மாத்திடட்டாமா?" என்றாள் மகள். "தண்ணி கேட்டா தண்ணின்னு சொல்லட்டும்."

"வேணாம். அது பாட்டுக்குக் கெடக்கட்டும், விடு," என்றேன்.

இப்போது நாளைக்கு ஏழெட்டுத் தடவை கூப்பிடுகிறார். வெயில் நாளில் இன்னும் கூடுதலாக. அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு, குவளையை நிரப்பிக்கொண்டு, "இருக்கேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போகிறேன். இடது பக்கமாகப் போய் நிற்கிறேன். அவர் குவளையைத்தான் பார்க்கிறார்.