நம்ம டீம், எங்க டீம்

எங்கள் மலாக்கா கால்பந்துக் குழு ஈப்போவுக்கு இடம் மாறும் செய்தி மலாய் மொழியில் வந்தது. 'கமி' போகிறோம் என்று எழுதியிருந்தார்கள். தமிழில் நாம், நாங்கள் என்று இருப்பதுபோலவே மலாயிலும் இரண்டு உண்டு. கேட்பவரையும் சேர்த்தால் கித்தா, வெளியே நிறுத்தினால் கமி. நிறுத்தியிருந்தார்கள். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

அரங்கில் பல வருடமாக என் பக்கத்து இருக்கைக்காரர் ஓர் அண்ணன். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து அவர் மனைவியோடு வெளியே வரும்வரை நின்று, கைப்பேசியில் அந்தச் செய்தியைக் காட்டினேன்.

"வீடு மாத்துனா பொண்டாட்டிய மாத்திருவோமா? எங்க போனாலும் நம்ம டீம்தான் லா."

"பந்து விசயத்துல என்னை எதுக்கு இழுக்குறீங்க?" என்றார் அவர் மனைவி.

அதன்பின் அண்ணன் 'நம்ம டீம்' என்பதை முன்பைவிட அதிகம் சொன்னார், உரியத் தொடங்கிய ஸ்டிக்கரை விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டுகிறவரைப்போல.

ஈப்போவில் முதல் ஆட்டம் ஒரு சனிக்கிழமை மாலை. காலையிலேயே என் காரில் கிளம்பினோம். செம்பனை, செம்பனை, டோல், மறுபடி செம்பனை, பிறகு திடீரென்று சுண்ணாம்பு மலைகள். அண்ணன் பழைய சிவப்பு ஜெர்சியில் வந்திருந்தார். குழு ஊரோடு நிறத்தையும் மாற்றி மஞ்சளாகியிருந்தது. அன்றைய எதிரணி சிவப்பு.

அரங்கில் பக்கத்து இருக்கையில் மஞ்சள் ஜெர்சியில் இருந்த ஈப்போக்காரர் மரியாதையாகச் சொன்னார்: "அண்ணே, வெளியூர் ஆளுங்க சீட்டு அந்தப் பக்கம்."

"வெளியூர் இல்ல தம்பி. இது நம்ம டீம். மலாக்காலேர்ந்து வரோம்."

"ஓ, பழைய ஆளுங்களா! எங்க டீமப் பாக்க அவ்ளோ தூரத்துலேர்ந்தா? ரொம்ப தேங்ஸ்ணே!"

ஆளுக்கொரு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல. அண்ணன் மறுக்கப் பார்த்தார். வெயில் விடவில்லை.

இரண்டாம் பாதியில் மஞ்சள் ஒரு கோல் போட்டது. அரங்கம் எழுந்தது. அண்ணனும் எழுந்தார். கைகள் தலைக்கு மேல் போயின, வாய் திறந்தது. மலாக்காவில் என்றால் நாலு வரிசைக்குக் கேட்கும் குரல். நான் காத்திருந்தேன். கைதட்டிவிட்டு உட்கார்ந்தார்.

ஆட்டம் அந்த ஒரு கோலோடு முடிந்தது. கார் நிறுத்துமிடத்தில் அண்ணனின் மனைவி அழைத்தார். கைப்பேசி ஸ்பீக்கரில் இருந்தது.

"யாரு ஜெயிச்சா?"

அண்ணன் யோசித்தார். ஜெயிச்சோம் என்றால் நாம். ஜெயிச்சாங்க என்றால் அவர்கள். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது.

"ஜெயிச்சாச்சு."

"அதான், யாருன்னு கேட்டேன்."

"ஜெயிச்சாச்சு லா," என்று சொல்லி, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.